சலமான்காவில் ஒரு வீடு: வெளிநாட்டில் மொழி படிக்கப் போகிறவர்களுக்கு



நம்மில் பலர் இப்போது வெளிநாடு போய்ப் படிக்கிறோம். சிலர் பட்டப்படிப்புக்கு, சிலர் ஒரு பருவத்துக்கு, சிலர் ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள. விமானச் சீட்டு, கடப்பிதழ், பணமாற்று, குளிர் உடுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்ல ஆள் உண்டு. ஆனால், "முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோட வீட்டில மூணு மாசம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ லா."

இந்தப் பாடம் அந்தச் சொல்லைப் பற்றியது. எதற்கு அட்ஜஸ்ட் பண்ண வேண்டும், எதற்கு வாய் திறந்து பேச வேண்டும், எதற்கு ஓர் அடிகூட இறங்கிப் போகக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தெரிந்தால் அந்த மூன்று மாதமும் பயன்படும். தெரியாவிட்டால் கட்டிய பணமும் போகும், மொழியும் வராது.

நான் ஸ்பெயின் நாட்டில், சலமான்கா என்ற நகரில், பன்னிரண்டு வாரம் ஸ்பானிய மொழி படித்தேன். ஜனவரி நடுவில் போய் ஏப்ரல் தொடக்கத்தில் கிள்ளானுக்குத் திரும்பினேன். தங்கியது அறுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதியின் அடுக்குமாடி வீட்டில். அங்கே பார்த்ததையும் பழகியதையும் வைத்தே இதை எழுதுகிறேன். நீங்கள் போவது ஜப்பானாக இருந்தாலும் ஜெர்மனியாக இருந்தாலும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஏன் அந்த ஊர்? ஏன் ஒரு குடும்பம்?

ஸ்பானிய மொழி 20 நாடுகளில் அதிகாரத்துவ மொழி. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆறு மொழிகளில் அதுவும் ஒன்று. சலமான்கா, தலைநகர் மத்ரித்துக்கு வடமேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில், தோர்மெஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதன் பல்கலைக்கழகம் 1218-இல் தொடங்கியது. அங்கே படித்து, பிறகு அங்கேயே கற்பித்த அந்தோனியோ தெ நெப்ரிஹா என்பவர்தான் 1492-இல் காஸ்தீலிய மொழிக்கு, அதாவது இன்றைய ஸ்பானிய மொழிக்கு, முதல் அச்சிட்ட இலக்கணத்தைக் கொண்டுவந்தார். இப்படிப்பட்ட ஊரில் மொழி கற்பிப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களை வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் அங்கே நிறைய உண்டு.

மலேசிய, சிங்கப்பூர் கடப்பிதழ் உள்ளவர்கள் 180 நாட்களில் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் ஸ்பெயினில் இருக்கலாம். பன்னிரண்டு வாரம் என்பது 84 நாள். அந்தக் கணக்கில்தான் நானும் போனேன். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் மாணவர் விசா எடுத்தாக வேண்டும்.

தங்குவதற்கு மாணவர் விடுதி உண்டு, பகிர்ந்து தங்கும் வீடும் உண்டு. நான் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. வகுப்பு வாரத்துக்கு 20 மணி நேரம். ஆனால் சாப்பாட்டு மேசையில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், வாரத்துக்கு இன்னும் 14 மணி நேரம் கிடைக்கிறது. அந்த 14 மணி நேரத்துக்கு ஆசிரியர் கட்டணம் கிடையாது. வகுப்பில் பத்துப் பேரோடு பங்கு போடவும் வேண்டாம்.

நம் ஊரில் 'கெலுவார்கா அங்காட்' என்று சொல்வோமே, அதைப் போலத்தான் இது. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பள்ளி அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிறது. ஆகவே நாம் ஒரே சமயத்தில் மூன்று பேராக இருக்கிறோம்: காசு கொடுத்தவர், விருந்தாளி, வீட்டுப் பிள்ளை. காசு கொடுத்தவர் என்ற நினைப்பிலேயே இருந்தால் அந்த வீடு ஹோட்டல் ஆகிவிடும். விருந்தாளி என்ற கூச்சத்திலேயே இருந்தால் பசித்தாலும் குளிர்ந்தாலும் வாய் வராது. மெல்ல மெல்ல வீட்டுப் பிள்ளை ஆவதுதான் வழி. வீட்டுப் பிள்ளைக்கு உரிமையும் உண்டு, வேலையும் உண்டு. தட்டை எடுத்து வைக்க வேண்டும், குப்பையைக் கீழே கொண்டு போட வேண்டும், வெளியே போனால் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மூன்று கூடை

அந்த வீட்டில் எனக்குப் புதிதாகத் தெரிந்த எதையும் நான் மூன்று கூடையில் ஒன்றில் போட்டுப் பார்த்தேன்.

முதல் கூடை: பழகிக்கொள்ள வேண்டியவை. இரண்டாம் கூடை: பேசித் தீர்க்க வேண்டியவை. மூன்றாம் கூடை: பொறுக்கக் கூடாதவை.

முதல் கூடை: பழகிக்கொள்ள வேண்டியவை

காலணி. நாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் உள்ளே போவோம். அதுதான் மரியாதை, அதுதான் சுத்தம். அங்கே வெறுங்காலில் நடந்தால் வீட்டம்மா பதறிப்போவார். "தே பாஸ் அ கொன்ஸ்திபார்!" என்பார். ஆங்கிலம் தெரிந்த நம் காதுக்கு அது மலச்சிக்கலைப் பற்றிய பேச்சாகக் கேட்கும். உண்மையில் "உனக்குச் சளி பிடிக்கப் போகுது" என்றுதான் பொருள். குளிர்காலத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். அதனால் வீட்டுக்குள் போடுவதற்கென்றே தனி சிலிப்பர் வைத்திருப்பார்கள். ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

நேரம். மதிய உணவு இரண்டரை மணிக்கு. இரவு உணவு ஒன்பதரைக்கு. முதல் வாரம் வயிறு கெஞ்சும். ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு ஒரு காரணம் கடிகாரத்திலேயே இருக்கிறது. ஸ்பெயின் பூமிப்படத்தில் ஏறக்குறைய இங்கிலாந்துக்கு நேர் தெற்கே இருக்கிறது. ஆனால் 1940 முதல் ஜெர்மனியின் நேரத்தைப் பின்பற்றுகிறது. கடிகாரம் இரண்டரை காட்டினாலும், சூரியனைப் பார்த்தால் குளிர்காலத்தில் ஒன்றேகால்தான் ஆகியிருக்கும். இது தெரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்தது. பதினொரு மணிக்கு வகுப்பு இடைவேளையில் ஏதாவது கொறிப்பது, மாலை ஆறரைக்கு 'மெரியெந்தா' என்ற சிற்றுண்டி, இந்த இரண்டும் இருந்தால் சமாளிக்கலாம்.

தண்ணீரும் மின்சாரமும். நம் ஊரில் குளியலறை முழுக்கத் தண்ணீர் ஊற்றுவோம். அங்கே தரை உலர்ந்தே இருக்க வேண்டும். வாளி இல்லை, குழாய் இல்லை. பழைய வீடுகள் பலவற்றில் கழுவிக்கொள்வதற்கு 'பிதே' என்ற சின்னத் தொட்டி இருக்கும், அந்தக் கவலை வேண்டாம். சுடுதண்ணீர் ஒரு கலனில் சேர்ந்திருக்கும். ஒருவர் அரை மணி நேரம் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். மின்கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறும். நள்ளிரவுக்குப் பிறகும் வார இறுதியிலும் மலிவு. அதனால் பல வீடுகளில் துணி துவைப்பது சனி ஞாயிறில்தான். "என்னைக்குத் துவைக்கணும்?" என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

குரல். மேசையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசுவார்கள். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் புகுந்துவிடுவார். அதைச் சண்டை என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளை நினைத்துக்கொள்ளுங்கள், விளங்கிவிடும். அதே போல, "தாமே பான்" என்றால் "ரொட்டி குடு" என்று நேரடியாகத்தான் பொருள். தயவுசெய்து, மன்னிக்கவும் என்ற சுற்றல் இருக்காது. வீட்டுக்குள் அது கோபமும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. நாம் மட்டும் நம் அம்மாவிடம் "தயவுசெய்து சாதம் தருகிறீர்களா" என்றா கேட்கிறோம்?

உபசரிப்பு. "கோமே, கோமே, இஹா!" என்பார் வீட்டம்மா. "சாப்பிடு, சாப்பிடு, மகளே!" தட்டில் கொஞ்சம் மிஞ்சினால் "உனக்குப் பிடிக்கலையா?" என்று முகம் வாடும். நம் பாட்டிகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மறுப்பதற்கும் ஒரு வழி உண்டு. முதலில் புகழ வேண்டும், பிறகு மறுக்க வேண்டும்: "எஸ்தா முய் ரீக்கோ, பெரோ நோ புவேதோ மாஸ்." ரொம்ப ருசியா இருக்கு, ஆனா இதுக்கு மேல முடியாது.

இரண்டாம் கூடை: பேசித் தீர்க்க வேண்டியவை

இந்தக் கூடையில்தான் நம் பிள்ளைகள் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். பேசினால் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்து, பேசாமலே மூன்று மாதம் அறையில் மெகி மீ சாப்பிட்டு நாளை ஓட்டுகிறவர்கள் உண்டு.

உணவு. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமை முழுச் சைவம், முட்டையும் கிடையாது. இது என் வீட்டு வழக்கம், அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே பள்ளியின் வழியாக அந்தக் குடும்பத்துக்கு எழுதிவிட்டேன். வந்த முதல் நாள், பெட்டியைத் திறப்பதற்கு முன், நேரிலும் சொன்னேன்.

இங்கே சொற்களில் கவனம் வேண்டும். பாடப்புத்தகத்தில் மாட்டுக்கு 'பாக்கா' என்று படிப்போம். ஆனால் இறைச்சிக் கடையிலும் சமையலறையிலும் அதிகம் காதில் விழுவது 'தெர்னேரா' என்ற சொல். அது இளம் மாட்டின் இறைச்சி. 'பாக்கா' வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், தட்டில் 'தெர்னேரா' வந்து நிற்கும். 'அல்போந்திகாஸ்' என்ற இறைச்சி உருண்டையில் மாடும் பன்றியும் கலந்திருப்பது வழக்கம். 'கால்தோ' என்ற சூப்புச் சாறு எதில் கொதித்தது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சைவத்துக்கும் அப்படியே. "நான் சைவம்" என்று ஒரு சொல்லில் சொன்னால் போதாது. 'கார்னே', அதாவது இறைச்சி, என்றதும் பலருக்கு ஒரு துண்டுக் கறிதான் நினைவுக்கு வரும். காய்கறிக் கலவையில் கொஞ்சம் ஹாமோன் என்ற உப்பிட்ட பன்றித் தொடை, சாலட்டில் கொஞ்சம் சூரை மீன், இதெல்லாம் அவர்கள் கணக்கில் இறைச்சியாகவே வராமல் போகலாம். அதனால் பட்டியலாகவே சொன்னேன்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, ஹாமோன் இல்லை, சூரை இல்லை, முட்டை இல்லை, இறைச்சிச் சாறும் இல்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வீட்டம்மா அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை என்ன சாப்பிடுவது? நிறைய இருக்கிறது. கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்த்த குழம்பு. கத்தரி, குடைமிளகாய், தக்காளி சேர்த்து வதக்கிய 'பிஸ்தோ'. பருப்புக் குழம்பில் வழக்கமாகச் சொரித்தோ என்ற பன்றி சாசேஜ் போடுவார்கள். போடுவதற்கு முன் என் பங்கைத் தனியாக எடுத்துவைத்தால் முடிந்தது. சலமான்கா பக்கத்துக்கே உரிய 'பத்தாத்தாஸ் மெனெயாஸ்' என்ற உருளைக்கிழங்கு மசியல் ஒன்று உண்டு. பூண்டும், புகையில் உலர்த்திய மிளகாயின் தூளும் போட்டு மசிப்பார்கள். மேலே தூவும் பொரித்த பன்றிக் கொழுப்பை விட்டுவிட்டால், நம் வீட்டு உருளைக்கிழங்கு மசியலுக்குச் சொந்தக்காரன் போலவே இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஏன் என்று வீட்டம்மா கேட்டார். எனக்குத் தெரிந்த சொற்களில் விளக்கினேன். கேட்டுவிட்டு, "ஓ, பிஹிலியா!" என்றார். கத்தோலிக்கர்கள் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை ஒதுக்குவார்கள். அந்த வழக்கத்துக்கும் அந்த நாளின் உணவுக்கும் அவர்கள் சொல்லும் பெயர் அது. அவர் சின்ன வயதில் அவருடைய அம்மா அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தாராம். அன்றிலிருந்து என் வெள்ளிக்கிழமைக்கு அந்த வீட்டில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. நம் வழக்கத்தை விளக்கும்போது அவர்களுக்குத் தெரிந்த ஒன்றோடு சேர்த்துச் சொன்னால், அது சுமையாகத் தெரியாது.

வழிபாடு. அறையில் தீ ஏற்றக் கூடாது என்று தங்கும் விதிகளிலேயே எழுதியிருந்தது. எனவே பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோனேன். மேசை ஓரத்தில் ஒரு சுவாமி படம். ஊதுபத்தியைப் பற்றிக் கேட்டேன். வீட்டுக்காரருக்கு மூச்சுத் தொல்லை இருந்ததால் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன். கேட்டால் சில சமயம் 'இல்லை' என்று பதில் வரும். அதற்கும் தயாராகத்தான் கேட்க வேண்டும்.

நான் அங்கே இருந்தபோது தைப்பூசம் வந்தது. காவடி என்றால் என்னவென்று இரவு உணவின்போது விளக்க வேண்டியிருந்தது. நேர்த்திக்கடன் என்பதற்குச் சொல் தேடித் தடுமாறிய இடத்தில், வீட்டுக்காரரே எடுத்துக்கொடுத்தார்: 'ப்ரொமேசா'. வாக்குறுதி என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். இறைவனுக்குக் கொடுத்த வாக்குக்கும் அதையே சொல்வார்கள். ஈஸ்டருக்கு முந்திய வாரத்தில் சலமான்காவில் பெரிய ஊர்வலங்கள் நடக்கும். கனமான சிலைப் பீடங்களைத் தோளில் தூக்கிப் போவார்கள். அவர்களில் சிலர் ப்ரொமேசாவுக்காகத் தூக்குகிறவர்கள் என்று அவர் சொன்னார். அன்று நான் கற்ற அந்த ஒரு சொல் எந்த அகராதிப் பட்டியலிலும் என் கண்ணில் பட்டிருக்காது.

குளிர். சலமான்கா ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். பழைய அடுக்குமாடிகளில் கட்டடம் முழுவதற்கும் ஒரே கொதிகலன் இருக்கும். குறித்த நேரத்தில்தான் சூடு வரும், நாம் நினைத்தபோது கூட்ட முடியாது. அது முதல் கூடை. ஆனால் இரவில் நடுங்கிக்கொண்டு படுத்திருப்பது முதல் கூடை அல்ல. "மெ புவேதெஸ் தார் ஓத்ரா மாந்தா?" இன்னொரு போர்வை தர முடியுமா? இந்த ஒரு வரி போதும். எனக்கு இரண்டு கிடைத்தது.

மூன்றாம் கூடை: பொறுக்கக் கூடாதவை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன். அனுமதி இல்லாமல் அறைக்குள் நுழைவது. தொடுவது. கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வது. ஒப்பந்தத்தில் இல்லாத பணம் கேட்பது. கட்டணத்தில் அடங்கிய உணவைத் தராமல் இருப்பது. வேண்டாம் என்ற பிறகும் மதுவை வற்புறுத்துவது. இவற்றில் எதுவும் 'அவர்கள் கலாசாரம்' அல்ல. எந்த நாட்டிலும் இது சரியல்ல.

எங்கள் வகுப்பில் வேறொரு நாட்டு மாணவி இருந்தார். அவர் தங்கிய வீட்டில் ஓர் ஆள் கதவைத் தட்டாமல் உள்ளே வருவதைக் கண்டார். மறுநாள் காலையிலேயே பள்ளியில் தங்குமிடத்தைக் கவனிக்கும் அதிகாரியிடம் சொன்னார். இரண்டு நாளில் வேறு வீடு கிடைத்தது. அவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கவில்லை. அதுதான் சரி.

நம் பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே "பொறுத்துப் போ" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் அது முதல் கூடைக்கு உரியது. மூன்றாம் கூடையில் அதைப் போட்டால் ஆபத்து. பள்ளியின் அவசரத் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியிலும் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அவசர எண் 112. நம் தூதரகத்தின் எண்ணும் கையில் இருக்கட்டும்.

மேசைதான் வகுப்பு

சலமான்கா வீடுகளில் 'மேசா கமீயா' என்று ஒரு வட்ட மேசை பார்க்கலாம். தரை வரை தொங்கும் கனமான துணி போட்டிருக்கும். அடியில் சூடாக்கி ஒன்று இருக்கும். முன்பு கரி, இப்போது மின்சாரம். துணியை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வராது. சாப்பிட்டு முடித்த பிறகும் அப்படியே உட்கார்ந்து பேசுவதற்கு 'சொப்ரெமேசா' என்று ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். அந்த அரை மணி நேரம்தான் என் உண்மையான வகுப்பு.

அங்கே எனக்குக் கைகொடுத்தது ஆங்கிலம் அல்ல, தமிழ். சில உதாரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று: ஸ்பானியத்தில் 'நான்', 'நீ' என்று ஒவ்வொரு முறையும் சொல்லத் தேவையில்லை. வினையின் விகுதியே சொல்லிவிடும். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா என்றால் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள். தமிழ் வகுப்பில் படித்த அதே பாடம்தான்.

இரண்டு: 'மெ குஸ்தா' என்பதை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் தலையைச் சொறிவார்கள். நமக்கு அது நேராக 'எனக்குப் பிடிக்கும்'. 'மெ துவேலே எல் பியே' என்றால் 'எனக்குக் கால் வலிக்குது'. 'எனக்கு' என்று தொடங்கும் நம் வாக்கிய அமைப்பு அப்படியே அங்கே இருக்கிறது.

மூன்று: உச்சரிப்பு. தலையில் அலை போட்ட அவர்களின் 'ந' எழுத்து நம் 'ஞ'தான். எஸ்பாஞா, நீஞோ, மாஞானா. 'அது' என்று நாம் சொல்லும்போது 'து' மெதுவாக ஒலிப்பதைப் போலவே, அவர்களும் இரண்டு உயிர் நடுவில் வரும் 'த'வை மெதுவாக்குகிறார்கள். 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் 'நாய்'. நாக்கை உருட்டிப் பேசப் பழகிய தமிழருக்கு இந்த வேறுபாடு கஷ்டமே இல்லை.

நான்கு: நீயும் நீங்களும். அங்கேயும் 'தூ' என்றும் 'உஸ்தெத்' என்றும் இரண்டு உண்டு. நான் வீட்டம்மாவை 'உஸ்தெத்' என்றே அழைத்தேன். இரண்டாம் நாளே அவர், "என்னை 'தூ' என்று சொல், இல்லாவிட்டால் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது" என்றார். வயதில் மூத்தவரை நீ என்பதா? நாக்கு எழவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியை நாம் 'நீங்க' என்கிறோம். ஆனால் பெற்ற அம்மாவை? "அம்மா, நீ சாப்பிட்டியா?" என்றுதானே நம்மில் பலர் கேட்கிறோம். அவர் கேட்டதும் அந்த 'நீ'தான். அதன் பிறகு 'தூ' எளிதாக வந்தது.

தமிழ் உதவாத இடமும் உண்டு. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். நம் அஃறிணைக்கு அந்த வேலை இல்லை. ஒவ்வொரு பெயரையும் அதன் பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். சமையலறையில் கையில் எடுக்கும் பொருள் ஒவ்வொன்றையும் காட்டி "கோமோ செ தீஸே எஸ்தோ?" என்று கேட்பேன். இதற்கு என்ன பெயர்? ஒரு நாளைக்கு ஐந்து சொல். பன்னிரண்டு வாரத்தில் நானூறு சொல்லைத் தாண்டியது. "தப்பாச் சொன்னா திருத்துங்க" என்று முதல் வாரமே கேட்டுக்கொண்டேன். கேட்காவிட்டால் மரியாதைக்காகத் திருத்தாமல் விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது வாரம்

முதல் இரண்டு வாரம் எல்லாம் புதிது, எல்லாம் அழகு. மூன்றாவது வாரத்தில் அது தேய்ந்துவிடும். நாள் முழுக்க அரைகுறையாகப் புரிந்து புரிந்து தலை கனக்கும். சாதம், ரசம், அம்மா குரல் எல்லாம் கண்முன் வரும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் தமிழ்ப் படம் பார்க்கத் தோன்றும். வகுப்பில் எல்லாரையும் கேட்டுப் பார்த்தேன், அநேகமாக எல்லாருக்கும் இதே நேரத்தில் இதே கதைதான். நோய் இல்லை, கட்டம். கடந்துபோகும்.

இதில் ஒரு நேரச் சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் மலேசியா ஸ்பெயினைவிட ஏழு மணி நேரம் முன்னால் இருக்கிறது. நம் ஊரில் இரவு பத்து மணி என்றால் அங்கே பிற்பகல் மூன்று. இங்கே வேலையெல்லாம் முடித்து, அம்மா கூப்பிடும் நேரம் அது. அங்கே சொப்ரெமேசா நடக்கும் நேரமும் அதுவே! தினமும் அந்த அழைப்பை எடுத்தால் அந்த மேசையை இழக்க வேண்டும். எடுக்காவிட்டால் அம்மா மனசு தாங்காது. இருவரும் பேசி மாற்றிக்கொண்டோம். இங்கே காலை ஆறு மணிக்கு அம்மா விளக்கேற்றிவிட்டுக் கூப்பிடுவார். அங்கே இரவு பதினொன்று, நான் படுக்கப் போகும் நேரம். வாரத்துக்கு மூன்று நாள். அம்மாவும் இழக்கவில்லை, மேசையும் இழக்கவில்லை.

கூடவே ஒரு நாள் நான் சமைத்தேன். சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், சாதம். மசாலாத் தூள் மட்டும் இங்கிருந்து கொண்டுபோனது, மற்றதெல்லாம் அங்கே சந்தையில் கிடைத்தது. சமையலறையைக் கேட்டு வாங்கி, முடித்ததும் கழுவிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாவது தட்டு கேட்டார். வாங்கிச் சாப்பிடுகிற இடத்தில் ஒரு நாளாவது நாம் கொடுக்க வேண்டும். அன்றோடு மனசும் கொஞ்சம் லேசானது.

போகும் முன் செய்ய வேண்டியவை

1. உணவு, உடல்நலம், ஒவ்வாமை, வழிபாடு பற்றிக் குடும்பத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.
2. முழு உணவா, பகுதி உணவா, துணி துவைப்பது கட்டணத்தில் சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.
3. சாப்பிடாத பொருள்களின் பெயரை, கடையில் வழங்கும் சொல்லோடு, மனப்பாடம் செய்யுங்கள்.
4. வீட்டு சிலிப்பர், ஒரு சிறு பரிசு, கொஞ்சம் மசாலா எடுத்துச் செல்லுங்கள்.
5. முதல் நாளே கேளுங்கள்: குளிக்கும் நேரம், துவைக்கும் நாள், சாவி, இரவு திரும்பும் நேரம்.
6. வீட்டுக்கு அழைக்கும் நேரத்தை அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வையுங்கள்.

கலந்துரையாட

உங்கள் குழுவில் இவற்றைப் பேசிப் பாருங்கள்.

அ. உங்கள் வீட்டுக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் மூன்று மாதம் தங்க வந்தால், அவருக்குப் புரியாமல் போகக்கூடிய ஐந்து வழக்கங்கள் எவை? அவற்றை அவருக்கு எப்படி விளக்குவீர்கள்?

ஆ. நீங்கள் எங்கே போனாலும் விடாத பழக்கம் எது? அதை மூன்றே எளிய வாக்கியங்களில், நம் சமயத்தைத் தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள்.

இ. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று அண்மையில் உங்களிடம் யாராவது சொன்ன ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் கூடையில் சேரும்? ஏன்?

அடுத்த முறை தம்பியோ தங்கையோ வெளிநாடு புறப்படும்போது, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து அந்த மூன்று கூடையையும் விளக்கிச் சொல்லி அனுப்புங்கள்.